ஐட்லிங் நிற்காத மாதங்கள்

காலை ஆறரை மணி இளவெயில். எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில், திறந்த பானெட்டுக்குள் வலது கையை நீட்டி, ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினுக்கு மேலே செல்போனைப் பிடித்தபடி நிற்கிறேன். பனியன், லுங்கி. பல் இன்னும் துலக்கவில்லை. இன்ஜின் நடுங்குகிறது. அதோடு காரும், காரோடு நானும்.

வாக்கிங் போகிறவர்கள் என்னைக் கண்டதும் நடையைக் குறைக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெரிய அதிகாரி. பக்கத்தில் வந்து நின்று, "என்ன சார், கார்லேர்ந்து போனுக்கு சார்ஜ் போடறீங்களா?" என்றார்.

"இல்ல சார். என் ஒய்ஃப் லைன்ல இருக்காங்க."

அவர் பானெட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு எதுவும் கேட்காமல் நடந்தார். மறுநாளிலிருந்து வேறு தெரு வழியாக வாக்கிங் போக ஆரம்பித்தார்.

என் மனைவி வனஜா அப்போது அமெரிக்காவில் இருந்தாள். இன்ஜின் நெய்வேலியில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் என் கை.

அவளுக்கு இன்னும் நேற்று

மகள் நித்யாவுக்கு அங்கே பிரசவம். அதற்காகத்தான் வனஜா போயிருந்தாள். அந்த வருடங்களில் எங்கள் பிளாக்கில் பல பெண்கள் இப்படிப் போனார்கள். பிள்ளைகளை இன்ஜினியராக்கியே தீருவது என்று முடிவு கட்டிய ஊர் எங்களுடையது. ஆனவர்கள் விமானம் ஏறினார்கள். அவர்களுக்குக் குழந்தை பிறக்கும்போது அம்மாக்கள் விமானம் ஏறினார்கள். சர்வீஸ் பாக்கியிருந்த அப்பாக்கள், மனைவியை ஏற்றுமதி செய்துவிட்டு ஊறுகாய் பாட்டிலோடு குவார்ட்டர்ஸில் தங்கினோம். மாலையில் காய்கறிக் கடையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்கத் தெரியாமல் நிற்கிற ஆணைக் கண்டால், அவர் பேரனோ பேத்தியோ கண்டவர் என்று தெரிந்துகொள்ளலாம்.

எனக்குப் பொழுது விடியும்போது அவளுக்கு முந்தைய நாள் இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். அதாவது, எனக்கு இன்று பிறந்த பிறகும் அவள் நேற்றிலேயே இருப்பாள். தினமும் நான் நேற்றுக்குத்தான் போன் செய்தேன்.

நேற்றோடு பேச அதிகம் இருக்கவில்லை.

"சாப்டீங்களா?"

"இனிமேதான்."

"என்னா?"

"இட்லி. குழந்தை?"

"தூங்குது."

"சரி."

"சரி."

இரண்டு சரிகளோடு பேச்சு முடிந்துவிடும். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குப் பேச எதுவும் இல்லை என்பது அதுவரை எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருக்கும்போது அது தெரியவும் வராது. மிக்ஸி ஓடும், பால்காரர் வருவார், அவள் கொடியிலிருந்து துணியை எடுத்துக்கொண்டே ஏதோ சொல்வாள், நான் பேப்பருக்குப் பின்னாலிருந்து 'ம்' என்பேன். அதைத்தான் பேச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு ஆறு மாதம் தங்க அனுமதி கொடுத்திருந்தார்கள். நாலாவது மாதம் முடியும்போது ஒருநாள் வனஜா சொன்னாள்: "நித்யா வேலைக்குப் போவணுமாம். இன்னொரு ஆறு மாசம் இருன்னு சொல்லிகினு இருக்குது. விசாவ நீட்டிக்கணும்னா இந்த மாசக் கடைசிக்குள்ள எழுதிப் போடணுமாம். நீங்க என்னா சொல்றீங்க?"

"உன் இஷ்டம்" என்றேன்.

அப்படிச் சொன்னால் பெருந்தன்மையான கணவனாகத் தெரிவேன் என்று நினைத்தேன். நான் சொல்ல விரும்பியது 'வந்துடு' என்ற ஒரே வார்த்தை. அது தொண்டை வரை வந்தது. மகள், பேத்தி, அங்கே குளிர், அவளுக்கு யார் உதவி என்று வரிசையாக ஆட்கள் குறுக்கே நின்றார்கள். வார்த்தை திரும்பிப் போய்விட்டது.



"யோசிச்சி சொல்றேன்" என்றாள்.

"சரி" என்றேன்.

"சரி" என்றாள்.

பலாப்பழ வேன்

கார் வனஜாவின் இலாகா. இது எப்படி என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

நான் தெற்கே கோவில்பட்டிப் பக்கம். வேலைக்காக நெய்வேலி வந்தவன். வனஜா காடாம்புலியூர்க்காரி. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியுமாக இருக்கும் செம்மண் ஊர். அவள் அப்பா பலாப்பழ வியாபாரி. பெண் பார்க்க நாங்கள் வாடகைக் காரில் போனபோது, அவர்கள் வீட்டுச் சந்தின் வாயை ஒரு பழைய வேன் அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே கூரை வரை பலாப்பழம். எங்கள் டிரைவர் ஹாரன் அடித்தார். என் அண்ணன் கையைத் தட்டினார். என் அம்மா, இதைச் சகுனத்தில் சேர்க்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்தார்.

அப்போது ஒரு பெண் வந்தாள். சாதாரணப் புடவை. கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு வேனில் ஏறினாள். அந்தச் சந்தில் ஒரு ஆடு திரும்புவதே கஷ்டம். அவள் வேனைப் பின்னாலேயே எடுத்து, ஒரு முந்திரி மரத்துக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில் நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விட்டாள். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கால் மணி நேரம் கழித்து, பட்டுப்புடவையில், தலை குனிந்து காபி கொண்டுவந்தது அதே பெண்தான். என் அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அவள் டம்ளரை நீட்டிய கையில் கிரீஸ் கோடு ஒன்று இருந்தது. வேறு எதையும் நான் அன்று பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவும் இல்லை.

அதனால் நித்யா பள்ளியில் படிக்கும்போது நாங்கள் கார் வாங்கியபோது, யார் ஓட்டுவது என்று விவாதம் நடக்கவில்லை. லைசென்ஸ் எனக்கும் இருந்தது. வங்கியில் அடையாளம் காட்ட உதவியது.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் கார்கள் இரண்டே வகை: பெரியது, சின்னது. எங்களுடையது சின்னது. ஓய்வு பெற்று ஊருக்குப் போன ஒருவர் விட்டுச் சென்றது. நெய்வேலியில் மனிதர்கள் அறுபது வயதில் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் போய்விடுவார்கள். கார், கட்டில், குரோட்டன்ஸ் தொட்டி எல்லாம் அடுத்த வீட்டுக்கு நகரும். எங்கள் ஊரில் வயதானவை சாமான்கள் மட்டும்தான்.

இன்று அந்தக் காரும் இல்லை, அந்த வீடும் எங்களுடையது இல்லை.

ஒரு பஸ் நிறைய டெக்னீஷியன்கள்

'உன் இஷ்டம்' சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டைப் பெருக்கினேன். ஒட்டடை அடித்தேன். அடுக்களை மாடத்திலிருந்த டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினேன். பிறகு எதைக் கழுவுவது என்று தெரியாமல் காரைக் கழுவினேன்.

நெய்வேலியில் தூசி துடைப்பது முடிகிற வேலையே இல்லை. பழுப்பாக, மெல்லியதாக, கேட்காமல் வந்து உட்காரும். அன்று பானெட்டையும் திறந்து உள்ளே துடைத்தேன். அழுக்காக ஒட்டியிருந்தது, சுற்றியிருந்தது, தொங்கியது எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, பளபளவென்று ஆக்கிவிட்டேன். அதற்குள் இவ்வளவு சுத்தம் தேவையா என்று இன்ஜினே கூச்சப்பட்டிருக்கும்.

மறுநாள், வனஜா இல்லாததால் நானே ஓட்டிப் போன கார் நடுரோட்டில் நின்றது.

ஓடும்போது ஒன்றுமில்லை. ரவுண்டானாவில் வேகத்தைக் குறைத்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வண்டி இருமியது. குலுங்கியது. அணைந்தது. எனக்குப் பின்னால் கம்பெனி பஸ். இரண்டு மணி ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் அதில் நிறைந்திருந்தார்கள். நெய்வேலியில் கார் நின்றால் தள்ளுவதற்கு ஆள் தேட வேண்டாம். தள்ள வேண்டாம் என்று தடுக்கத்தான் ஆள் தேட வேண்டும்.

ஒரு பஸ் நிறைய டெக்னீஷியன்கள் இறங்கினார்கள்.

"ஐட்லிங் நிக்கல சார்" என்றார் ஒருவர்.

விளக்கிவிடுகிறேன். கியரில் போடாமல், ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் விட்டாலும் இன்ஜின் தன்பாட்டுக்கு மெதுவாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் ஐட்லிங். அதாவது வேலை இல்லாதபோதும் உயிரோடு இருப்பது. ஆபீசில் இதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. ஆனாலும் என் காருக்குச் சொல்லித்தர முடியவில்லை.

அன்று மாலை வனஜாவுக்கு அது காலை. நான் பேசும் நேரம் இல்லை. இருந்தாலும் செய்தேன்.

"என்னா ஆச்சி? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்பு சரியாத்தான் இருக்கு. காருக்குத்தான். நிறுத்துனா அணைஞ்சிருது."

"ஓட்டும்போது?"

"நல்லா ஓடுது."

"சோக்க இழுத்தா நிக்குதா?"

சோக் என்பது, குளிர்ந்த இன்ஜினை எழுப்ப, பெட்ரோலை அதிகமாகக் குடிக்கவைக்கும் குமிழ். போய் இழுத்துப் பார்த்தேன். நடுக்கம் குறைந்து நின்று ஓடியது.

"நிக்குது."

"ம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "போன பானெட்டுக்குள்ள வைங்க, சத்தத்த கேக்கறேன்" என்றாள்.

வைத்தேன். நெடுநேரம் கேட்டாள். "பிளக்க கழட்டிப் பாருங்க நாளைக்கி. பாத்துட்டு காலைல போன் பண்ணுங்க" என்றாள்.

இரண்டு சரிகள் இல்லாமல் முடிந்த முதல் போன் அது. அந்த வித்தியாசத்தை நான் அன்று கவனிக்கவில்லை. கார் நினைவாகவே இருந்தேன்.

மூன்று இலாகா, மூன்று ஷிப்ட்

போன வாரம் இந்தப் பத்தியில் கேண்டீன் உப்புமாவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "நெய்வேலியில் இருந்தும் உங்களுக்கு டெக்னிகலாக எதுவும் தெரியாதா?" என்று கேட்டிருந்தார். தெரியாது. நான் பெர்சனல் டிபார்ட்மென்ட். லேட்டாக வந்தவருக்கும், வராமலே இருந்தவருக்கும், வந்து தூங்கியவருக்கும் விளக்கம் கேட்டு மெமோ எழுதுவது என் உத்தியோகம். எனக்குத் தெரிந்த ஒரே பழுதுபார்ப்பு அதுதான். கார்புரேட்டருக்கும் ஒரு மெமோ கொடுத்து, ஏழு நாளில் பதில் கேட்டிருப்பேன்.

ஆனால் எங்கள் தெருவில் மற்ற எல்லோருக்கும் தெரியும். அங்கே ஆட்களின் பெயருக்கு முன்னால் இலாகா வரும். இனிஷியல் போல.

பாய்லர் கணேசன் முதலில் வந்தார். பானெட்டுக்குள் கையை விட்டு, அடுப்பில் தோசைக்கல் சூடு பார்ப்பதுபோலப் பார்த்தார். "டிராஃப்ட் பிராப்ளம் சார். காத்து சரியா வரல. ஏர் ஃபில்டர கழட்டுவோம்." கழற்றினோம்.

எலக்ட்ரிகல் செபாஸ்டின் நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தினார். "காத்தாவது ஒன்னாவது. ஸ்பார்க் வீக்கு. பாயின்ட்ட பாருங்க, கருகிக்கெடக்கு." உப்புத்தாளால் தேய்த்தோம்.

மைன்ஸ் முருகையன், சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டோடு வாழ்நாளைக் கழித்தவர். அவருக்கு உலகத்தில் எல்லாக் கோளாறும் ஒரே கோளாறு: சரக்கு வந்து சேரவில்லை. "ஃபீடு கட்டாவுது. பெட்ரோல் பைப்ப ஊதுங்க."

ஊதினேன். பெட்ரோல் பதிலுக்கு ஊதியது. இரண்டு நாள் எதைச் சாப்பிட்டாலும் பெட்ரோல் பங்க் வாசனை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மூவருக்கும் மூன்று ஷிப்ட். ஒருவர் பாதியில் கிளம்பும்போது, வேலை இடத்தில் செய்வதுபோலவே அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைப்பார். "நாலு பிளக் முடிச்சாச்சு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி திறந்து இருக்கு. மெமோ சார் எதையும் தொடாம பாத்துக்குங்க." இப்படி என் கார் சில நாட்கள் இருபத்துநாலு மணி நேரமும் பராமரிப்பில் இருந்தது.

"நீங்க ஏதாவது கை வெச்சீங்களா சார் முன்னாடி?" என்று செபாஸ்டின் மட்டும் ஒருமுறை கேட்டார்.

"சும்மா துடைச்சேன்" என்றேன்.

"துடைச்சா ஒன்னும் ஆவாது" என்றார் அவர்.

எல்லாவற்றையும் மறுநாள் காலை வனஜாவிடம் ஒப்பித்தேன். கணேசன் என்ன சொன்னார், முருகையன் அதற்கு என்ன சொன்னார், இருவரும் ஐந்து நிமிடம் ஏன் பேசாமலிருந்தார்கள். அவள் சிரித்தாள். பல மாதம் கழித்து அந்தச் சிரிப்பைக் கேட்டேன். கழுத்தைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, கடைசியில் மூச்சு வாங்கும் சிரிப்பு. போனில் கேட்டாலும் கழுத்து தெரிந்தது.

"பெட்ரோல முழுங்கிட்டீங்களா?"

"கொஞ்சம்."

"இன்னிக்கி பூரா ஆபீசுல யாரும் பீடி பத்தவெச்சிகினு பக்கத்துல வராம பாத்துக்கோங்க."

பாய் வந்தார்

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து மெக்கானிக் யூசுப் பாய் வந்தது அடுத்த வாரம். பழைய கார்கள் விஷயத்தில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் தான்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார். மறுத்துச் சொல்ல அவர் இடம் விடுவதில்லை.

காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரைக் கழற்றி, என் வாசற்படியில் பேப்பர் விரித்து, அதன் குடலையெல்லாம் வரிசையாக வைத்தார். ஊசித் துளை போன்ற ஜெட்டுகளை வாயால் ஊதி, வெயிலில் தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"இது மெட்ராஸ்லயே யாருக்கும் வராது சார். என் கைக்குத்தான் வரும்."

மாட்டினார். ஸ்க்ரூவை இப்படித் திருகினார், அப்படித் திருகினார், காதைச் சாய்த்துக் கேட்டார். வண்டி நின்று ஓடியது. பாய் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அப்போது வண்டி இருமியது. குலுங்கியது. அணைந்தது.

"வயசாயிடுச்சு சார்" என்றார் பாய்.

"உங்களுக்கா?"

"வண்டிக்கு. பேசாம எனக்குக் குடுத்துடுங்க. அம்மா வேற ஊருல இல்ல. நீங்க ஒண்டியா இத வெச்சிகினு என்னா பண்ணப்போறீங்க?"

அவர் தப்பாக எதுவும் சொல்லவில்லை. ஆனாலும், 'நீங்க ஒண்டியா' என்றதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

அவள் கேட்ட சத்தங்கள்

இப்படியாகத் தினமும் காலை ஆறரைக்கு, அணையாமலிருக்க சோக்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டு, நான் பானெட்டுக்குள் போனை நீட்டுவது வழக்கமாயிற்று. "கிட்ட வைங்க" என்பாள். "இப்ப கொஞ்சம் தள்ளி" என்பாள். சில நாள் பத்து நிமிடம்கூட ஆகும். நான் கை மாற்றிக்கொள்வேன். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்ததும் நாம் மூச்சை அடக்கிக்கொள்வதுபோல, நானும் பேசாமல் நிற்பேன்.

அவள் கேட்கும் கேள்விகள் மட்டும் கொஞ்சம் வினோதமாக இருந்தன.

"அது என்னா, குயிலா?"

"ஆமா. நம்ம வேப்பமரத்துல. இன்ஜின் எப்பிடி இருக்கு?"

"இருக்கட்டும். பக்கத்து வூட்டுல குக்கர் மாத்திட்டாங்களா? விசில் வேற மாதிரி கேக்குது."

இன்னொரு நாள், "இப்ப போனது ஸ்கூல் பஸ்ஸா, மைன்ஸ் பஸ்ஸா?"

"மைன்ஸ்."

"அதான பாத்தேன்" என்றாள், திருப்தியாக.

காருக்குச் சம்பந்தமில்லாத சத்தங்களை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, மிச்சமிருப்பதில் கோளாறைப் பிடிக்கிறாள் என்று நான் நினைத்தேன். அவளுடைய முறை அது போலும் என்று கணேசனிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன். கணேசன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் மனைவி அதற்கு முந்தைய வருடம் மகன் வீட்டுக்கு டெக்சாஸ் போய் வந்தவர்.

"சார், உங்களுக்கு எழுதறதுதான் வருது, படிக்க வரல" என்று சொல்லிவிட்டு ஷிப்ட்டுக்குக் கிளம்பினார்.

விசா பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மாதக் கடைசி நெருங்கியது. தினமும் பேச வேண்டிய அந்த ஒன்றைச் சுற்றிக்கொண்டு பிளக், பாயின்ட், ஜெட் என்று போய்வந்தோம். ஒவ்வொரு நாளும் போனை வைத்த பிறகுதான், இன்றும் கேட்கவில்லையே என்று தோன்றும். சாயங்காலம் ஆளில்லாத வீட்டில் ஒரு டம்ளர் டீ போட்டு, அதையும் பாதி குடித்துவிட்டு வைக்கும்போது இன்னும் பலமாகத் தோன்றும்.

அடிப்பக்கம்

அந்த அதிகாரி பானெட்டுக்குள் எட்டிப் பார்த்த காலைக்கு மறுநாள். அதே நேரம், அதே பனியன். இன்ஜின் நடுங்கிக்கொண்டிருந்தது.

"யூசுப் பாய் திரும்ப வந்தாரு" என்றேன். "வண்டிய கேக்கறாரு. குடுத்துரலாமா?"

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க என்னா சொன்னீங்க?" என்றாள்.

"உன்னைக் கேட்டுச் சொல்றேன்னேன்."

பிறகு அவள் குரல் வேறு மாதிரி வந்தது. கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்ட குரல்.

"கார்புரேட்டருக்கு அடியில ஒரு ரப்பர் டியூபு கெளம்பி பிரேக்குக்குப் போவும். பெருவிரல் கனம். தெரியுதா?"

"தெரியுது."

"மேல பாக்காதீங்க. அடிப்பக்கம் தடவிப் பாருங்க."

தடவினேன். நகம் ஒரு கீறலில் மாட்டியது. விரல் நீளம்கூட இல்லை. அந்த இடத்தில் பாம்பு சீறுவதுபோல மெல்லிய காற்று.

"வெடிச்சிருக்கு."

"அதுமேல ஒரு சைக்கிள் டியூப சுத்தி, கம்பி போட்டு முறுக்கி வெச்சிருந்தேன். இருக்குதா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை, தூசியோடு தூசியாக, கறுப்பாக, அசிங்கமாகச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு ரப்பர் துண்டைப் பிடுங்கிக் குப்பையில் போட்டது ஞாபகம் வந்தது. கம்பி கையைக் கீறியதும்.

"துடைச்சிட்டீங்க" என்றாள் வனஜா.

"ஆமா."

"கெளம்பறதுக்குள்ள புது டியூப் போட்டுடலாம்னு பாத்தேன். புள்ள முன்னாடியே பொறந்துடுச்சி. அவசரத்துல மறந்துட்டேன். அதுவழியா காத்து இழுக்குது, அதான் நிக்க மாட்டுது. சோக்க இழுத்தா பெட்ரோலு அதிகமா போயி ஈடுகட்டிடும். பிரேக்கு கூட கல்லு மாதிரி இருந்திருக்குமே?"

"நான் எப்பவுமே ஓங்கித்தானே மிதிப்பேன்."

அவள் சிரிக்கவில்லை. "அந்தக் கீறல வெரலால அடைங்க" என்றாள்.

இடது கைப் பெருவிரலை வைத்து அழுத்தினேன். உள்ளிருந்து யாரோ விரலை மெல்லப் பிடித்து இழுப்பதுபோல இருந்தது. நடுக்கம் நின்றது. இன்ஜின் ஒரே சீராக ஓடியது. அப்படி ஓடி நான் கேட்டு ஒரு மாதம் ஆகிவிட்டிருந்தது. விரலை எடுத்தேன். இருமியது. வைத்தேன். அடங்கியது.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஒரு கணக்கு வந்தது.

"இது உனக்கு எப்போ தெரியும்?"

"சோக்க இழுத்தா நிக்குதுன்னு சொன்னீங்களே."

"அது முதல் நாள்."

"ஆமா."

"அப்புறம் ஏன் பிளக்கைக் கழட்டச் சொன்ன? பெட்ரோல் குடிச்சேன் வனஜா."

"அன்னிக்கே சொல்லியிருந்தா" என்றாள், "மறுநா என்னா பேசியிருப்பீங்க?"

எனக்குப் பதில் தெரியும். இட்லி என்று சொல்லியிருப்பேன்.

வேப்பமரத்திலிருந்து ஒரு பழம் விழுந்து கார்க் கூரையில் உருண்டது. அங்கே, அவளுடைய நேற்றில், ஒரு கதவு சாத்தப்படும் சத்தம். அவள் குழந்தை இருக்கும் அறையிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும். இத்தனை நாள் குறுக்கே நின்றவர்கள் யாரையும் அப்போது காணவில்லை.

"வந்துடு" என்றேன்.

இன்னொரு முறையும் சொன்னேன்.

"எனக்கு இங்க முடியல. நீ வந்துடு."

"ஏங்க" என்றாள். பிறகு நிறுத்தினாள். "நேத்து சாயங்காலந்தான் எழுதிப் போட்டாங்க. இன்னும் ஆறு மாசத்துக்கு. மாப்ள கேட்டாரு, அத்தை போட்டுடலாமான்னு. சரின்னேன்."

"நேத்தா?"

"நேத்துதான். நீங்க கூப்புடுவீங்கன்னு பாத்துகினே இருந்தேன். தெனம் பிளக்க பத்தி சொல்றீங்க, ஜெட்ட பத்தி சொல்றீங்க. என் இஷ்டம்னு சொல்லிட்டீங்களே. அதுல எனக்கு என்னா இஷ்டம் இருக்குது, நீங்க கூப்புடாம?"

நான் மெமோ எழுதிப் பழகியவன். ஒரு குற்றத்துக்கு எத்தனை விதமாக விளக்கம் எழுதலாம் என்று எனக்குத் தெரியும். அன்று ஒன்றும் எழவில்லை.

"மாத்த முடியாதா?" என்றேன்.

"புள்ள இப்பதான் என் கையில தூங்கப் பழகியிருக்குது. நித்யா திங்கக்கெழம வேலைக்குப் போவுது" என்றாள். அது பதில்தான். எனக்கும் அது தெரிந்திருந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

தெருவில் காலை ஷிப்ட்டுக்குப் பிந்திவிட்ட யாரோ சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு போனார். அவருக்கு நான் மெமோ கொடுக்க வேண்டியிருக்கும்.

"சரி, வண்டிய ஆஃப் பண்றேன்" என்றேன். "பாய்கிட்ட புது டியூப் வாங்கிட்டு வரச் சொல்றேன். விக்கறதா இல்லன்னும் சொல்லிடறேன்."

"இருங்க. ஆஃப் பண்ணாதீங்க."

"ஏன், இன்னும் ஏதாவது சத்தம் கேக்குதா?"

"எல்லாந்தான் கேக்குது" என்றாள். "கொஞ்ச நேரம் அப்பிடியே வெச்சிருங்க."

வலது கையில் போன். இடது கை விரல் ரப்பரின் கீறலில். இன்ஜின் நடுங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார், இந்தப் பக்கம் ஒருவர் காட்டிக்கொண்டிருந்தார். வெயில் முதுகில் ஏறியது. குழாயும் சூடேறத் தொடங்கியது. முதலில் இதமாக, பிறகு சுரீரென்று.

நான் விரலை எடுக்கவில்லை.